ஆகஸ்ட் மாதத்தில் பள்ளிக்கூடம் போனவன்

பாரிஸ் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில், என் மகளின் அறைக்குள் போக வேண்டுமென்றால் நான் கதவைத் தட்ட வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவளுக்குச் சோறு ஊட்டியது நான், பேன் பார்த்தது நான், இன்றைக்கும் மெத்தை விரிப்பை மாற்றுவது நான். ஆனாலும் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து "ஆந்த்ர்" என்று உத்தரவு வந்த பிறகுதான் காலை வைக்க வேண்டும். ஒருநாள் மறந்துபோய்ப் படாரென்று திறந்துவிட்டேன். அன்று சாப்பாட்டு மேசையில் எனக்கு அவள் வகுப்பே எடுத்துவிட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரர் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு தலையாட்டினார். புதுச்சேரி முதலியார்பேட்டையில் நான் வளர்ந்த வீட்டில் வாசலுக்கு ஒரு கதவு, தோட்டத்துக்கு ஒரு கதவு. நடுவில் இருந்ததெல்லாம் அம்மாவின் பழைய புடவையைத் தைத்துப் போட்ட திரைதான். மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து படுத்திருக்கும் அப்பாவைத் தாண்டிக்கொண்டுதான் அண்ணனும் நானும் பள்ளிக்கூடம் கிளம்புவோம். ரகசியம் என்று ஒன்றை ஒளித்துவைக்க இடமே இல்லாத வீடு அது. அதனாலேயே அது பத்திரமான வீடு என்று ரொம்பக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கோடைக்கு முன்பு மகள் படிக்கும் கொலேஜில், அதாவது நடுநிலைப் பள்ளியில், பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். பிள்ளைகள் சாப்பிடும் கூடத்தில், பிள்ளைகளின் நாற்காலியில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தோம். இணையத்தில் பிள்ளைகளைத் தேடி வரும் வயது வந்த ஆட்களைப் பற்றிப் பேச ஒரு சங்கத்திலிருந்து நரைத்த தலையோடு ஓர் அம்மாள் வந்திருந்தார். நம் ஊரில் வாயைத் திறக்கவே கூசும் விஷயத்தை அவர் பாத்திரம் துலக்கச் சொல்லித்தருவது போலச் சாதாரணமாகச் சொன்னார். முதலில் அன்பாக வருவான், பிள்ளைக்குப் பிடித்ததெல்லாம் தனக்கும் பிடிக்கும் என்பான், இது நமக்குள் இருக்கட்டும் என்பான், படம் கேட்பான், கொடுத்துவிட்டால் மிரட்டுவான். பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால் கத்தாதீர்கள், கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், 'இதில் உன் தப்பு எதுவுமில்லை' என்று முதலில் சொல்லுங்கள் என்றார். அப்பாக்கள் எழுந்து எழுந்து சந்தேகம் கேட்டார்கள். எனக்கு அண்ணன் மகள் ஞாபகம் வந்தது. இந்தியாவில் என் அண்ணன் வீட்டில் பிள்ளை படிக்க ஒரே கைப்பேசிதான், அதையும் வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள், அதற்கு என்ன செய்வது என்று கேட்டேன். நான் கேட்டது பயத்தில். அந்த அம்மாளுக்கு அது பெருமை பேசுவதாகப் பட்டிருக்கிறது. "அருமை, மதாம்! குடும்பமே பார்க்கும் தொலைபேசி! இதைவிடக் காவல் வேறு என்ன வேண்டும்?" என்று மற்றவர்களுக்கு என்னைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்து மெச்சினார்கள். நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன்.

ஆகஸ்டில் நான் மட்டும் ஊருக்கு, அண்ணன் குடும்பம் இருக்கும் அதே முதலியார்பேட்டை வீட்டுக்குப் போனேன். அண்ணன் சேகருக்குச் சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அண்ணி கலா துணிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாள். ஒரே மகள் மோனிஷா, எங்களுக்கு மோனி. பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. நான் பிரான்ஸில் இருக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக அவளை லாஸ்பேட்டையில் பிரெஞ்சு டியூஷனில் சேர்த்திருந்தார்கள். போய் இறங்கிய அன்று மத்தியானம், வஞ்சிர மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே அண்ணி சொன்னாள்.

"உனக்கு ஒரு நல்ல சேதி வெச்சிருக்கேன். போன்ல சொல்லக் கூடாது, நேர்ல சொல்லணும்னு இருந்தேன். நம்ம மோனிகிட்ட பிரான்ஸ்லேர்ந்து ஒரு பையன் பேசறான்."

என் கை சோற்றில் நின்றுவிட்டது. "என்ன பையன் அண்ணி?"

"நம்ம பாண்டிப் பையன்தான். சொல்தா வீடாம். தாத்தா காலத்துலயே போயிட்டாங்களாம். நேஷனாலிட்டி இருக்கு. மோனி டான்ஸ் ஆடி ஒரு வீடியோ போட்டுச்சு, அதப் பார்த்துட்டு வந்தான். பதினேழு வயசுதான். பிரெஞ்சுல வீட்டுப்பாடமெல்லாம் எழுதிக் குடுக்கறான், பாவம். அங்க உங்க வீட்டுப் பக்கமாதான் இருப்பான்போல. ஒரு எட்டு போயி பார்த்துட்டு, குடும்பம் எப்படின்னு கேட்டுச் சொல்லேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எங்கள் ஊர் ஆட்களுக்குத் தோன்றாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைத்தான் புதுச்சேரியில் சொல்தா என்போம். அவர்களின் வாரிசுகளுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. வரன் பேசும்போது ஜாதகத்துக்கு முன்பே 'நேஷனாலிட்டி இருக்கா?' என்று கேட்கும் வீடுகளை எனக்குத் தெரியும். எங்கள் வீடே அப்படிப்பட்ட வீடுதான். மில் மூடியபோது அப்பா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது ஒரு தரகர் வந்தார். காந்தி வீதியில் ஒரு ஸ்டுடியோவுக்கு என்னை அழைத்துப்போய், நீர்வீழ்ச்சி வரைந்த திரைக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் பிரான்ஸுக்குப் போனது. அங்கே யார் யார் கையில் இருந்தது, எத்தனை பேர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் ஒருவர் சம்மதம் சொன்னார். அவர்தான் என் வீட்டுக்காரர். நல்ல மனிதர். ஆனால் அவர் நல்லவராக அமைந்தது எங்கள் அப்பா விசாரித்துப் பார்த்ததால் அல்ல. அப்பாவுக்கு விசாரிக்க என்ன வழி இருந்தது? என் நேரம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

கையைக் கழுவிவிட்டுக் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். கொலேஜில் அந்த அம்மாள் சொன்ன வரிசை அப்படியே இருந்தது. எல்லாவற்றிலும் உனக்கு என்ன பிடிக்கும், எனக்கும் அதுதான் பிடிக்கும். முகம் காட்டிப் பேசச் சொன்னால் ஒவ்வொரு முறையும் கேமரா கெட்டுப்போயிருக்கிறது. முந்தின நாள் ராத்திரி வந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். இப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன், நாளைக்குக் கணக்குப் பரீட்சை, எனக்காக வேண்டிக்கொள் என்று எழுதியிருந்தான். ஆகஸ்டில் பிரான்ஸில் எந்தப் பள்ளிக்கூடம்? ஜூலையில் பூட்டினால் செப்டம்பரில்தான் திறப்பார்கள். அங்கே ஒரு வருஷம் இருந்தவனுக்குக்கூட இது தெரியும். இந்தப் பையன் பிரான்ஸைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்தவன் இல்லை என்றேன். அண்ணி கொஞ்சமும் அசையவில்லை.

"டியூஷனா இருக்கும். நம்ம மோனிக்கு லீவுலகூட டியூஷன் இருக்குல்ல?"

"அண்ணி, இவன் பையனே இல்ல. எந்த வயசு ஆம்பளையோ, எந்த ஊர்ல உக்காந்திருக்கானோ."

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். நான் என்ன பொண்ணத் தனியா விட்டேனா? அவன் என்ன பேசறான்னு நானும்தான் தெனம் பார்க்கறேன். பட்டுப் பாவாடை தாவணி கட்டி நான்தான் போட்டோ எடுத்து அனுப்பினேன். உங்கப்பா உன் போட்டோவ அனுப்பலியா?"

"எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. இவ கொழந்த."

"இப்பவே கட்டி வைக்கவா போறேன்? பழகட்டும், பேச்சாவது வரும்னு விட்டேன். நீ மட்டும் போயிடலாம், என் பொண்ணு போகக் கூடாது. அப்படித்தானே?"

நான் போட்டிருந்த செருப்பிலிருந்து வாங்கிப்போன சாக்லேட் வரை அவள் பக்கம் சாட்சியாக நின்றன. படத்தை அனுப்பினால் வாழ்க்கை வரும் என்பதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே அத்தாட்சி நான்தான். நான் கட்டிக்கொடுத்த மாடி அறைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அது ஆபத்து என்று நானே சொன்னால் யார் நம்புவார்கள்? எரிச்சலில் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் மோனியைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப்போனேன். சாயங்காலத்தில் அங்கே வண்டி விடமாட்டார்கள். கையை வீசி நடக்கலாம். பாறைமேல் உட்கார்ந்து மசாலாப் பொரி வாங்கினோம். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மூடிக்கொள்வாள் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். பொரி பாதி தீர்ந்த பிறகு மோனியே ஆரம்பித்தாள்.

"அத்த, ஒண்ணு சொன்னா அம்மாகிட்ட சொல்ல மாட்டீங்களே?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ண மாட்டேன் மோனி. ஆனா திட்ட மாட்டேன். கூடவே இருப்பேன்."

பொரிப் பொட்டலத்தின் வாயை மடித்தாள். "அம்மா எடுத்த போட்டோ அவருக்கு வேணாமாம். கதவ சாத்திக்கினு நானா எடுத்துத் தரணுமாம். எங்க வீட்ல கதவு எங்க அத்த இருக்கு?" அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அம்மா பார்க்கறது ஒரு பேரு. அவரு வேற பேருல இன்னொரு அக்கவுண்ட் வெச்சிருக்காரு. அதுல பேசுன்னாரு. பாத்ரூம்லேர்ந்து ஒண்ணே ஒண்ணு அனுப்பிட்டேன் அத்த. அதுலேர்ந்து இன்னும் வேணும் இன்னும் வேணும்னு சொல்றாரு. தரலன்னா ஸ்கூல் குரூப்புல போட்டுருவேன்றாரு."

என்ன படம் என்று நான் கேட்கவில்லை. மிரட்டுகிறவனையும் அந்தப் பிள்ளை 'அவரு' என்றுதான் சொன்னாள். மாப்பிள்ளை என்று அம்மா காட்டிக்கொடுத்த ஆளை வேறெப்படிச் சொல்வாள்? அவள் தோளை அணைத்துக்கொண்டு, "இதுல உன் தப்பு எதுவுமே இல்ல," என்றேன். பிரெஞ்சில் கேட்டபோது சுலபமாக இருந்த வாக்கியம். தமிழில் சொல்லும்போது எனக்கே புதிதாக இருந்தது. எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் முதலில் யார் தப்பு என்றுதான் கேட்போம். மோனி நான் வேறு யாரிடமோ பேசுகிறேன் என்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கூடவே இருப்பேன் என்று சொன்னேனே தவிர, திரும்பிப்போகும் விமானச்சீட்டு என் கைப்பையிலேயே இருந்தது. எனக்கும் அழுகை வந்தது.

அண்ணனிடம் நான்தான் சொன்னேன். மோனி என் பின்னால் நின்றிருந்தாள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. சட்டை பட்டனைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான். அண்ணி சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான்தானே பேசுன்னேன், நான்தானே பேசுன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்ட கதை என்று அவளை இடித்துக் காட்ட அண்ணன் வாயெடுத்தான். நான் கண்ணைக் காட்டியதும் நிறுத்திக்கொண்டான். எல்லாச் செய்தியும் இதில் இருக்கிறது, எதையும் தொடாமல் அப்படியே கொண்டுபோய்ப் புகார் கொடுத்துவிடலாம், பிள்ளை பெயரை வெளியே விடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி அவனைச் சம்மதிக்க வைத்தேன்.

மறுநாள் காலை அண்ணனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். கைப்பேசி அவன் சட்டைப் பையில் இருந்தது. புகார் வாங்கும் காவல்துறை அலுவலகத்தின் கேட் வந்தது. ஸ்கூட்டர் மெதுவானது. வாசலில் நின்றிருந்தவர்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர், யாரையோ பார்க்க வந்திருக்கிறார் போல. அவர் அண்ணனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அண்ணனும் கையைத் தூக்கினான். ஸ்கூட்டர் நிற்கவில்லை.

"அண்ணே, தாண்டிட்ட."

"தெரியும் பாப்பா."

நாற்பதைத் தாண்டிய என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறான். ஒரு டீக்கடையில் நிறுத்தினான். ரெண்டு டீ சொன்னான். "நீ சட்டம் கிட்டம்ன்ற. உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமா? இன்னும் நாலு வருஷம் இந்தத் தெருவுலதான் அவ நடந்து போயி படிக்கணும்," என்றான். பேசிக்கொண்டே கைப்பேசியை எடுத்தான். நான் தடுப்பதற்குள் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான். "அண்ணே, வேணாம், அது ஒண்ணுதான் ஆதாரம்," என்று கையைப் பிடித்தேன். அவன் என் கையை மெதுவாக விலக்கினான். அதிகம் படிக்காத என் அண்ணன், தன் மகள்மேல் பட்ட அழுக்கைத் துடைக்கிற மாதிரி அந்தக் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனை எப்படித் திட்டுவேன்? எல்லாம் போன பிறகு, "முடிஞ்சிச்சு," என்றான். டீ ஆறியிருந்தது. ஆனாலும் குடித்தோம்.

ஒன்றும் முடியவில்லை என்று எனக்குத் தெரியும். பிள்ளையின் படம் அவனிடம் இருக்கிறது. நம்மிடம்தான் ஒன்றுமில்லை. அன்றே கைப்பேசி பீரோவுக்குள் போனது, சாவி அண்ணனின் இடுப்புக்குப் போனது. பிரெஞ்சு டியூஷன் நின்றது. நடனமும் நின்றது. ஸ்கூல் குரூப்பில் ஏதாவது வந்ததா என்று பார்க்கவும் வழியில்லை. பாரிஸுக்குக் கிளம்பிய அன்று மோனி என் பெட்டியை மூட உதவினாள். "நான் உங்ககிட்ட சொல்லாம இருந்திருந்தா டான்ஸாவது ஆடினு இருந்திருப்பேன் அத்த," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். கூட்டிக் கழித்துப் பார்த்துச் சொன்னாள்.

திரும்பி வந்ததும் மனசு கேட்காமல் இங்கே கொமிஸாரியாவுக்கு, அதாவது காவல் நிலையத்துக்குப் போனேன். இளவயது அதிகாரி, மரியாதையாக உட்காரவைத்தார். பாதிக்கப்பட்டது உங்கள் மகளா? இல்லை, அண்ணன் மகள். அவர் பெற்றோர்தான் புகார் தர வேண்டும், வருவார்களா? வரமாட்டார்கள். அந்த ஆள் பிரெஞ்சுக்காரரா? அப்படித்தான் சொன்னான், பொய்யாகத்தான் இருக்கும். செய்திகள் இருக்கின்றனவா? அழித்துவிட்டார்கள். பிள்ளை எங்கே இருக்கிறார்? பொந்திஷெரி. அவர் முகம் மலர்ந்தது. "ஓ, அழகான ஊர்! என் அம்மா அப்பா போன குளிர்காலத்தில் போயிருந்தார்கள். மஞ்சள் சுவர்கள், காகிதப்பூக்கள்," என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில் மேசையைத் தட்டிக் கத்த வேண்டும் போல இருந்தது. அவர்மேல் என்ன குற்றம்? அங்கே கேட்டால் அவன் பிரான்ஸில் இருக்கிறான் என்பார்கள். இங்கே கேட்டால் பிள்ளை இந்தியாவில் இருக்கிறது என்கிறார்கள். இரண்டு நாட்டுக்கும் சொந்தக்காரி என்று நான் பீற்றிக்கொண்டதுண்டு. ஒரு பிள்ளைக்காக நியாயம் கேட்கப் போனால் இரண்டிலும் என் காலடியில் தரை இல்லை. மெட்ரோவில் எதிரே உட்கார்ந்து கைப்பேசியைத் தடவும் ஒவ்வோர் ஆணையும் இப்போது பார்க்கிறேன். ஒருவேளை இவனோ. இல்லாவிட்டால் அங்கே விழுப்புரம் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவனோ. பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் பட்டன் கைப்பேசியில் மோனியோடு பேசுகிறேன். ஸ்பீக்கரில் போட்டு அவன் கையிலேயே பிடித்திருப்பான். யாராவது தொந்தரவு பண்றாங்களா என்று சுற்றி வளைத்துக் கேட்டால், "இல்ல அத்த. அங்க குளிரா அத்த?" என்கிறாள். மின்விசிறி சத்தம் கேட்கிறது. அண்ணன் செருமுவது கேட்கிறது. அவள் சொல்வது நிஜமா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணியிடமிருந்து ஒரு படமும் குரல்பதிவும் வந்தன. அண்ணனிடம் சாவி வாங்கி பீரோவிலிருந்து கைப்பேசியை எடுத்திருப்பாள் போல. காதில் வைத்துக் கேட்டேன். "ஏமாந்தது என் தப்புதான், ஒத்துக்கறேன். முன்னபின்ன தெரியாதவன நம்பிட்டேன். நீ நம்ம ஆளு. உனக்கு அங்க நல்ல குடும்பமெல்லாம் தெரியும்ல? இதக் காட்டி வை. இப்ப அவசரமில்ல. சும்மா சொல்லி வை, அவளுக்கு இங்க வேணாம்." சொல்லும்போதே குரல் உடைந்தது. அந்த ஊர் வாயிலிருந்து மகளைத் தூக்கி எங்கேயாவது பத்திரமாக வைத்துவிடத் துடிக்கிற அம்மா. அவளுக்குத் தெரிந்த பத்திரமான இடம் நான் இருக்கும் இடம்தான்.

படத்தில் மோனி அதே பட்டுப் பாவாடை தாவணியில் நிற்கிறாள். தலை நிறையப் பூ. சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் குனிந்து பார்த்தார். அழகாக இருக்கிறாள், உங்கள் மகளா என்று கேட்டார். சட்டென்று கையால் திரையை மூடிக்கொண்டேன். அழித்துவிடலாம் என்று நினைத்தேன், விரல் போகவில்லை. யாரிடமும் காட்ட மாட்டேன் என்று அண்ணிக்கு எழுத நினைத்தேன், அதுவும் முடியவில்லை. பிரான்ஸில் உட்கார்ந்துகொண்டு, பதினான்கு வயதுப் பிள்ளையின் படத்தை அவளைக் கேட்காமல் கைப்பேசியில் வைத்திருக்கும் ஆள் இப்போது நான்.